நெல்லிக்காய்ச் சாறும் நீலக் குழாயும்

"பச்சை!" என்றார் டாக்டர், கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

ஜமால் அசரவில்லை. தாராவியில் எத்தனை பெரிய பந்தியானாலும் தனியாளாகப் பிரியாணி இறக்குகிறவர், ஒரு குழாய்க்கா பயப்படுவார்? ஆனால் அடுத்த மாதம் கிளம்பும் கப்பலில் சமையல்காரர் வேலை காத்திருந்தது. சிறுநீரில் சர்க்கரை இல்லையென்று இந்த மாதுங்கா டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஏற்றுவார்கள்.

"மருந்தோட கொதிக்க வச்சா நீலமாவே நிக்கணும் பாய். பச்சைன்னா கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள்னா ஜாஸ்தி. செங்கல் நிறம்னா கோவிந்தா! ஜிலேபியை வெளுத்துக் கட்டறேளோ? நாக்கைக் கட்டிண்டு அடுத்த வாரம் வாங்கோ."

கொதிக்க வைத்த உதவியாளர் கணேசபாண்டியன், பக்கத்தில் நீலமாக நின்ற இன்னொரு குழாயை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

வீட்டில் மனைவி சாயிரா வழி சொன்னாள். "நெல்லிக்கா சாறு குடிங்க மச்சான். சீனியெல்லாம் ஓடியே போயிரும்."

ஐம்பது நயா பைசாவுக்கு நெல்லிக்காய் வந்தது. காலையில் ஒரு தம்ளர், மாலையில் ஒரு தம்ளர். அடுத்த வாரம் குழாய் மஞ்சளானது!

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்றேள்?" டாக்டர் கத்தினார்.

"அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் டாக்டர் சாப், டீயக்கூட சீனி இல்லாமத்தான் குடிக்கேன்!"

"ரெண்டு தம்ளர் பத்தல" என்று தீர்ப்புச் சொன்னாள் சாயிரா.

தம்ளர் போய்ச் சொம்பு வந்தது. பல் கூசியது, வயிறு கடமுடா என்றது. ஜமால் மட்டும் கலங்கவில்லை. "பாரு சாயிரா, இந்தத் தடவ நீலந்தான்!"

குழாய் அசல் செங்கல்லாகச் சிவந்தது.

ஜமால் முதல்முறையாகக் கலங்கினார். கப்பல் கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தார். "சொம்பு சொம்பா நெல்லிக்கா சாறு குடிச்சுமா டாக்டர் சாப்?"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஈஸ்வரா! நெல்லிக்காய்ல இருக்கற வைட்டமினும் இந்த மருந்தைச் சிவக்க வைக்கும் பாய்! முதல்ல அதை நிறுத்துங்கோ."

நிறுத்தினார். கப்பல் கிளம்புவதற்கு முன்தினம், எவ்வளவு கொதித்தும் குழாய் நீலமாகவே நின்றது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தேளா? ஜிலேபியை விட்டேள், சர்க்கரை போயிடுத்து. இனிமேலும் நாக்கு ஜாக்கிரதை!"

ஜமால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார் கணேசபாண்டியன்.

"பாய், நான் சொன்னா என் வேல போயிரும், நீங்கதான் கப்பலேறிப் போறீங்களே, அவருட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருங்க. மொத நாளு ரெண்டு குழாய மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். அந்தப் பச்சை, டாக்டரோடது."