நாற்சந்தியில் நான் போட்ட பச்சை வட்டம்

சத்தியவேட்டில் ஹாலோ பிளாக் போடுகிறவர்களில் என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்ய? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று மூன்று மெஷின், இரண்டு லாரி. சுற்றுவட்டார ஃபேக்டரிகளின் காம்பவுண்டுச் சுவரில் பாதி என் கல். (மீதிப் பாதி விரிசல் விட்டிருக்கும், போய்ப் பாருங்கள்.) அப்பேர்ப்பட்ட நான் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில், நாற்காலி போதாமல் ஜனம் நின்றுகொண்டு பார்க்க, மானத்தை விட்டேன். அதுவும் கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டையில்.

என் மகள் யமுனா அப்போது திருப்பதியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். படிப்பு ஒரு பக்கம், இந்த விளையாட்டு இன்னொரு பக்கம். ஐந்து பேர் ஒரு அணி. எதிரில் ஐந்து பேர். நடுவில் ஒரு கோட்டை. அதைப் பிடித்து வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஆட்டம். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வெற்றி. அன்றைக்கு இறுதிப் போட்டி. ஜெயித்தவர்கள் பெங்களூரில் பெரிய போட்டிக்குப் போவார்கள்.

"பரீட்சை முடிஞ்சா ஆளுக்கொரு ஊரு நைனா. அஞ்சு பேரும் ஒண்ணா ஆடறது இதான் கடேசி. மூணு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கினு இருந்தோம்" என்று காரில் வரும்போதே சொன்னாள்.

நான் வெள்ளைச் சட்டை, கழுத்துச் சங்கிலியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மேஜைகளில் இலைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர். மணமக்கள் மேடையில் பெரிய திரை. எதிர் அணி சித்தூர்ப் பிள்ளைகள்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அணியில் ஒருத்தியான கீர்த்தனாவின் அப்பா ஏர்பேட்டிலிருந்து வந்து நின்றார். வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துவிட்டார்களாம். அந்தப் பெண் அழுதுகொண்டே அவர் பின்னால் போனாள். அணியில் நான்கு பேர்தான் மிச்சம்.

நடுவர் வாட்சைத் தட்டினார். "அய்துகுரு லேகபோத்தே அவுட் அம்மா." ஐந்து பேர் இல்லாவிட்டால் வெளியே. ஆதார் கார்டு காட்டினால் மாற்று ஆள் இறங்கலாம் என்றும் சொன்னார்.

என் ஆதார் கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது. (எப்போதும் இருக்கும். தொழிலதிபர் இல்லையா.)

"நான் எறங்கறேன்" என்றேன்.

"நைனா, வோணாம். உனக்கு மவுஸே புடிக்கத் தெரியாது."

"பிளாக் மெஷினு ஓட்ட மட்டும் எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? ரெண்டு நாள்ல கத்துக்கலையா?"

"ரெண்டு நாளு இல்ல நைனா. ஆறு நிமிஷம் இருக்குது."

அவளுடைய தோழன் சந்து, "வேற ஆளு இல்ல யமுனா, அங்கிளே ஒக்காரட்டும்" என்றான். அந்தப் பையன் நல்ல பையன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் சந்து பொந்தில் ஒளிகிறான்.

ஆறு நிமிஷத்தில் பாடம் நடந்தது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பலம், அதற்குச் சரியாக ஒரு குறை. கேடயம் பிடிக்கிறவனை யாராலும் சாய்க்க முடியாது, ஆனால் ஓட மாட்டான். ஓடுகிறவளைப் பிடிக்க முடியாது, ஆனால் இரண்டு குண்டில் விழுந்துவிடுவாள். எனக்குக் கொடுத்தது கீர்த்தனாவின் பாத்திரம், வைத்தியக்காரி. அடிபட்டவர்கள் மேல் குறி வைத்து அழுத்தினால் உயிர் ஏறும். கொஞ்ச நேரம் ஆடியதும் ஒரு பெரிய சக்தி சேரும். அதைத் தரையில் போட்டால் பச்சை வட்டம் வரும். உள்ளே நிற்கிறவர்களுக்கு உயிர் முழுசாக நிரம்பிவிடும்.

"ஆனா அந்த வட்டத்துல எதிராளி வந்து நின்னாலும் ஏறும் நைனா. அதான் அதோட குறை. அதுவும் இல்லன்னா எல்லாரும் வைத்தியக்காரியத்தான எடுப்பாங்க? சமமா இருக்கணும்ல."

"தெரியும் தெரியும். சிமெண்ட கொறச்சா கல்லு நொறுங்கும், கூட்டினா லாபம் நொறுங்கும். இத்த எனக்கே சொல்றியா?"

"அதனால நான் சொல்றப்ப, தூணுக்குப் பின்னால மூலையில போடணும். மூலையில. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன்.

முதல் ஆட்டம். சந்து கேடயத்தோடு முன்னே போனான். நான் அவன் முதுகைப் பார்த்து அழுத்திக்கொண்டே போனேன். அடி விழ விழ உயிர் ஏறுகிறது. அவன் விழவே இல்லை. யமுனா பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு பேரைச் சாய்த்தாள். கோட்டை எங்களுக்கு. ஜெயித்துவிட்டோம். சிமெண்ட் ஏஜென்சி கிடைத்த அன்றுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து கூட்டத்துக்குக் கும்பிடு போட்டேன். (அரசியலுக்கு வந்திருக்கலாம் என்று தோன்றியது.)

மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவனுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்திலிருந்து நான் பேசுவதை மண்டப ஸ்பீக்கரில் போட ஆரம்பித்தான். அது எனக்குத் தெரியாது.

இரண்டாவது ஆட்டம் தோற்றோம். நான் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்தேன். அதை விட்டுவிடுவோம்.

மூன்றாவது. அடேயப்பா, என்ன சண்டை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் உயிர் நூலளவு. எதிர்ப்பக்கமும் அப்படியே. கோட்டை எங்கள் கையில். இன்னும் அரை நிமிஷம் தாக்குப் பிடித்தால் பெங்களூர். என் பெரிய சக்தி நிரம்பி, திரை பச்சையாக மின்னியது.

"நைனா, இப்ப. மூலையில போடு. நாங்க தூணுக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருக்கோம்."

மூலையைப் பார்த்தேன். இருட்டு மூலை. நாய்கூட வராது. இந்தப் பக்கம் கோட்டை வாசல், நான்கு தெரு கூடுகிற நாற்சந்தி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் சித்திரை வெயிலில் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டு எதிரில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவன் நான்தான். சென்னை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் நேராக என் பானைக்குத்தான் வருவார்கள். ஒரு வருஷம் ஒருத்தர் சந்துக்குள் போட்டார், ஈ குடித்தது. பந்தல் என்றால் ஜனம் கூடுகிற இடத்தில்தான் போட வேண்டும். இது என் ரத்தத்தில் ஊறிய பாடம். கை தானாகப் போய்விட்டது.

நாற்சந்தி நடுவில் பச்சை வட்டம் விரிந்தது. என்ன அழகு.

முதலில் ஒருத்தன் வந்து நின்றான். பிறகு இரண்டு பேர். எனக்கு ஒரே பெருமை. எல்லோரும் சித்தூர்க்காரர்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"நைனா, இன்னா பண்ணிக்கினு கீற? அவன் உன் எதுர்ல நிக்கிறான். கையில துப்பாக்கி இருக்குது, சுடு."

சுடலாம்தான். வைத்தியக்காரிக்கும் ஒரு சின்னத் துப்பாக்கி உண்டு. அவன் முதுகைக் காட்டி, என் பந்தலில் நின்றுகொண்டிருக்கிறான்.

"தண்ணி குடிக்கிறவன எப்பிடிம்மா சுடறது?" என்றேன்.

மண்டபம் முழுக்க அது கேட்டது. அப்போது எழுந்த சிரிப்பில் பந்தல் துணி கிழிந்திருக்கும். நடுவர் தலையை மேஜையில் வைத்துக்கொண்டார். தாகம் தீர்ந்த சித்தூர் அணி ஐந்து பேரும் தூணுக்குப் பின்னால் போனார்கள். அங்கே நூலளவு உயிரோடு எனக்காகக் காத்திருந்த நான்கு பேரையும் சாய்த்துவிட்டு வந்தார்கள். கடைசியாக என்னிடம் வந்தவன், நான் ஊற்றியதைக் குடித்த அதே பையன், யோசிக்காமல் சுட்டான்.

முடிந்ததும் அவன் வந்து கை கொடுத்தான். "சாலா தேங்க்ஸ் அங்கிள்." ரொம்ப நன்றியாம். வேறு என்ன சொல்வான்.

புத்தூரில் டிபன் சாப்பிட வண்டியை நிறுத்தினேன், யமுனா இறங்கவில்லை. நாகலாபுரம் தாண்டும்போதுதான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மூலையிலன்னு மூணு தடவ சொன்னேன் நைனா."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாய் இல்லாதவனா நான்? மூன்று வருஷம் அவர்கள் ஐந்து பேர் கட்டியதை நான் அரை நிமிஷத்தில் இடித்துவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. "உங்க பந்தல்காரருக்கு மோரு வேணுமான்னு கேளும்மா" என்று என் மனைவி மூலமாகத்தான் போக்குவரத்து.

பத்தாவது நாள் போனை நீட்டினாள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியிருந்தது. விளையாடுகிற பிள்ளைகள் கோட்டை வாசலுக்குப் பேரே வைத்துவிட்டார்கள்: சலிவேந்திரம் சென்டர். தெலுங்கில் தண்ணீர்ப் பந்தல் என்று அர்த்தம். யமுனா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

சில மாதம் கழித்து, விளையாட்டைச் செய்தவர்கள் அந்தப் பச்சை வட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனி நம் ஆட்களுக்கு மட்டும்தான் உயிர் ஏறுமாம். ஈடாக வட்டத்தின் அளவைக் குறைத்துவிட்டார்களாம். அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்கிறாள் யமுனா. எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறவனை, ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தன் சட்டத்தையே திருத்த வைத்தான் என்று நான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

போன தை மாதம் யமுனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சித்தூர் பக்கம் குடிபாலாவிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். நான் பாயச வாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் பந்தியில் ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த என் பெண், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"நைனா, அவுங்க எதிர் டீமு."

எங்கள் பக்கம் மொத்தமும் உருண்டு சிரித்தது. சம்பந்தி ஒன்றும் புரியாமல், கையை இலைமேல் வைத்து மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

கையை எடுக்கச் சொல்லி, இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன்.