பனிமலையில் நான் மூட்டாத தீ

சிவகாசி,
மாசி மாதம் மூன்றாம் தேதி.

காரியாபட்டியில் நலமோடிருக்கும் மதினி ஆவுடைத்தாய் அவர்களுக்கு, நாத்தனார் தங்கத்தாய் வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகன் சபரிநாதனும் மருமகளும் பேத்தி ரோஷினியும் இருக்கன்குடி மாரியம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே அண்ணனுக்கு மூட்டுவலி தேவலையா, பேத்தி ஆர்த்தி கல்லூரிக்கு ஒழுங்காகப் போகிறாளா, கறுத்த பசு கன்று போட்டுவிட்டதா, எல்லாம் அறிய ஆவல். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நீங்க எட்டாவது வரை படித்தவுக. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்க.

விஷயம் என்னவென்றால், நான் பனிமலையில் தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற போட்டோவை நீங்க பெரிசாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, நடு வீட்டில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் "எங்க நாத்தனா, அறுபத்தெட்டு வயசுல ஐஸ் மேல தீ மூட்டுனவ" என்று சொல்கிறீர்களாம். மதினி, தயவுசெய்து அதை இறக்கிவிடுங்க. அந்தத் தீயை மூட்டியது நானில்லை. அதை மூன்று தடவை அணைத்தவள்தான் நான். போட்டோ வந்த அன்றைக்கு நீங்க போனில் "நீயா மூட்டுன?" என்று கேட்டபோது நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" இப்போது சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ரோஷினிக்குப் பனிமலை உருகுவதை அளக்கிற ஆராய்ச்சி வேலை ஒன்று கிடைத்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பனிக்காலத்தில் காட்டில் மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்று பத்து நாள் பயிற்சி முடித்து, தை மாதத்துக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், இவள் அப்பனுடைய பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் எழுத உட்கார வேண்டியதுதான். சபரிநாதன் ஆசைப்பட்டதும் அதைத்தான். "துணைக்கு வீட்டாளு யாராச்சும் போனா அனுப்புறேன்" என்றான். யாரும் போகமாட்டார்கள் என்ற தைரியம் அவனுக்கு. பிள்ளை முகம் வாடிப்போய் நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏலே, நான் போறேன்லே" என்றேன். "யம்மா, அங்கன தண்ணி கல்லா நிக்கும்" என்றான். "நம்ம ஊரு வெயிலையே தின்னு செரிச்சவ நான், பனி என்னைய என்ன செஞ்சிரும்?" என்றேன். அது வாய்க்கொழுப்பு. பனி என்னென்ன செய்யும் என்று மணாலிக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் வண்டியை விட்டு இறங்கின உடனேயே தெரிந்துவிட்டது. தலையில் தேய்த்திருந்த தேங்காய் எண்ணெய் கட்டியாகி, கொண்டை கல்லுப்போல் ஆகிவிட்டது.

அங்கே சென்னைப் பிள்ளைகள் பத்துப் பேர், நாங்கள் இரண்டு பேர். கற்றுக்கொடுக்கிறவர் நவநீதகிருஷ்ணன், ராணுவத்தில் இருந்தவர், விளாத்திகுளம் பக்கத்துக்காரர். பயிற்சியில் இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும், ஒருத்தர் தோற்றால் இரண்டு பேரும் தோற்ற மாதிரி என்று சொன்னார். துணைக்குப் போனவள் கூடாரத்தில் உட்கார்ந்து காராச்சேவு தின்றிருக்கலாம். ரோஷினிக்குச் சோடி இல்லை என்றதும் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே என் வேலையைக் காட்டிவிட்டேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்க வீட்டுக்காரர் வைத்திருந்த பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் நான் கேட்டில் நின்றது உங்களுக்குத் தெரியும். உள்ளே வருகிறவர்களிடம் தீப்பெட்டியோ பீடியோ இருக்கிறதா என்று பை, மடி, முந்தி எல்லாம் சோதித்து, அகப்பட்டதை வாசலில் இருக்கிற தண்ணீர்ப் பானையில் போட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவேன். அந்தப் பிள்ளைகள் பைகளை ஒரு மூலையில் குவித்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். ஒரு பையின் ஓரத்தில் தீப்பெட்டி எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அவர்கள் திரும்பி வந்தபோது பதினொரு தீப்பெட்டியும் வாளித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அத்தனையும் நம்ம ஊரில் செய்த பெட்டிகள் மதினி, அட்டையில் ஊர்ப்பேர்கூடப் போட்டிருந்தது.

"அம்மா, என்ன செஞ்சிருக்கீக?" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"பத்திரமா வச்சிருக்கேன் சார்" என்றேன்.

"பனியில உசிரு பொழைக்க முதல்ல வேண்டியது நெருப்பும்மா."

"எங்க ஊர்ல உசிரு பொழைக்க முதல்ல வேண்டியது அது இல்லாம இருக்குறது சார்."

ரோஷினி தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். அதன் பிறகு எல்லோரும் விரல் நீளக் கம்பி ஒன்றை இரும்புத் தகட்டால் உரசி, பொறி பறக்கவைத்துத்தான் தீ மூட்ட வேண்டியதாயிற்று. இரும்பில் இரும்பு உரசுவது எங்க தொழிலில் ஆகாத காரியம். கம்பெனிக்குள் ஒரு இரும்பு ஆணிகூட நான் விட்டதில்லை. இங்கே பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து உரசுகிறார்கள். நான் பஞ்சாமிர்த டப்பா அளவு தகரக் குவளை ஒன்றில் பனியை நிரப்பிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். கம்பெனிக் கொட்டகை வாசல் ஒவ்வொன்றிலும் மணல் வாளி இருக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு தைரியத்துக்கு.

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கிவிடுகிறேன். கம்பளி உடுப்புக்கு மேலே சேலை கட்டித்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தேன். நனைந்த சேலையை இரவில் காயப்போட்டால் காலையில் அது அட்டைப்பெட்டி மாதிரி தானாக நின்றது. நான் இல்லாமலே என் சேலை நிற்கிறதைப் பார்த்து ஒரு பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. பனியைத் தோண்டிக் குகை மாதிரி செய்து அதில் படுத்தோம். காலையில் எழுந்ததும் வாசல் பெருக்கிக் கோலம் போட்டேன். வெள்ளைப் பனியில் வெள்ளைக் கோலம். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை. நானே அதை மிதித்து நடந்தேன்.

கடைசி நாள்தான் சோதனை. ஒவ்வொரு சோடியையும் ஒவ்வொரு சரிவில் விட்டுவிட்டு, நவநீதகிருஷ்ணன் எதிர் மேட்டில் தொலைநோக்கியோடு நின்றுகொண்டார். தீ மூட்டி, பனியை உருக்கித் தேத்தண்ணி வைத்து, அவர் வந்து சேருகிற வரைக்கும் புகையை அணையாமல் காக்க வேண்டும். உச்சிப்பொழுதுதான் கெடு. ரோஷினி மரப்பட்டையை நாராக உரித்து, கம்பியை உரசி, பத்தாவது உரசலில் பொறி பிடித்து ஊதிப் புகை வரவைத்தாள். பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அடுத்த நிமிஷம் என் குவளை அதன் மேலே கவிழ்ந்து கிடந்தது. நான் கவிழ்த்தேன் என்று சொல்ல மாட்டேன், கை கவிழ்த்தது.

"அப்பத்தா..." என்றாள். குவளையை எடுத்து என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். அதுதான் வலித்தது.

மறுபடி மூட்டினாள். காற்றில் தீ அவள் சட்டைக்கைப் பக்கம் சாய்ந்தது. குவளை இல்லை, இரண்டு கையாலும் பனியை அள்ளிப் போட்டுவிட்டேன். "அப்பத்தா, இதுல என் வேலையே இருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. "கைய கட்டிருத்தா" என்றேன். கழுத்துக் கம்பளியால் என் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டினாள். மூன்றாம் தடவை தீ நன்றாகப் பிடித்து, பாத்திரத்தில் பனி உருகிக் கொதிக்கத் தொடங்கியது. ஒரு கங்கு படபடவென்று வெடித்தது. வெடிச் சத்தம் மதினி. கையைக் கட்டியிருந்தாள், காலைக் கட்டவில்லை. பாத்திரத்தை உதைத்துவிட்டேன், தண்ணீரெல்லாம் தீயில்.

சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. காய்ந்த பட்டை ஒரு துணுக்கு இல்லை. ரோஷினி என் பையைத் துழாவி, சாத்தூரில் வாங்கி நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த காராச்சேவை எடுத்தாள். எண்ணெய்ப் பண்டம் எரியுமாம். எனக்கு நெஞ்சு பதறியது, சேவுக்காகவும் தீக்காகவும். "அப்பத்தா, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் பாத்துக்குவேன்" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் நெருப்பை முதுகுக்குப் பின்னால் விட்டவளில்லை நான். அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். கண்ணை இறுக்கி மூடி, மாரியம்மனை நூற்றெட்டுத் தடவை கூப்பிட்டேன். முதுகில் சூடு ஏறியது. சேவு வாசம் வந்தது, பிறகு தேத்தண்ணி கொதிக்கிற சத்தமும் வந்தது. நான் திரும்பவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிர் மேட்டிலிருந்து நவநீதகிருஷ்ணனும் நாலு ஆளும் தூக்குக் கட்டிலோடு உருண்டு புரண்டு ஓடி வருகிறார்கள். மூன்று தடவை புகை எழும்பி அணைந்தால் ஆளுக்கு ஆபத்து என்று மலையில் ஒரு கணக்காம். வந்தவர் மூச்சு வாங்க, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல சார். நான் மூட்டுனேன், அப்பத்தா அணைச்சாக" என்றாள் ரோஷினி. அவர் அந்தக் கட்டில் மேலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து, "மத்த புள்ளைக ஒரு தடவ மூட்டுச்சு. இது பக்கத்துலயே பகையாளிய வச்சுக்கிட்டு நாலு தடவ மூட்டிருக்கு. இதை எந்தப் பனியிலயும் விடலாம்" என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். அதில் "உடனிருந்தார்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அப்போதுதான் என் கட்டை அவிழ்த்து, வலது கையில் அந்த இரும்புத் தகட்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். படத்தில் என் இடது கை தெரியாது. அதில் குவளை நிறையப் பனி இருந்தது.

ரோஷினி வருகிற மாதம் வேலையில் சேருகிறாள். எனக்கு அது போதும். இனிமேல் பனி இருக்கிற திசைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன், வீட்டில் ஐஸ் பெட்டியைக்கூட மருமகள்தான் திறக்கிறாள். போட்டோவை மறக்காமல் இறக்கிவிடுங்க. யாராவது கேட்டால் நான் எழுதிய உண்மையைச் சொல்லிவிடுங்க. அண்ணனுக்கு என் வணக்கம், ஆர்த்திக்குக் கன்னம் வழித்து முத்தம், கறுத்த பசுவுக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்
தங்கத்தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது ஆர்த்தி போன் செய்தாள். அடுத்த தையில் அதே பயிற்சிக்குப் போக வேண்டும் என்று உங்க மகன் மணிகண்டராஜிடம் அழுதிருக்கிறாள். முடியவே முடியாது என்று நின்றவன், சுவரில் இருக்கிற போட்டோவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அத்தையே போயி தீ மூட்டிருக்காக, நீயும் போயிட்டு வா. ஆனா தொணைக்கு அத்தைதான் வரணும்" என்று சொல்லிவிட்டானாம். நான் "ம்" என்றுவிட்டேன். அதனால் மதினி, போட்டோவை இறக்க வேண்டாம், ஆணியை மட்டும் இன்னொரு தடவை நன்றாக அடித்துவிடுங்க. சாத்தூர் பக்கம் யாராவது போனால் இரண்டு கிலோ சேவு சொல்லிவையுங்க. இந்தக் கடிதத்தை ஒருவர் கண்ணிலும் காட்டாமல் அடுப்பில் போட்டுவிடுங்க. போடும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்க.