காமன் சென்ஸ் சகலை

"இதுக்கெல்லாம் படிக்கவா வேணும்?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால், கையில் அகப்படும் சுத்தியல், உளி, ஸ்க்ரூடிரைவர் எல்லாவற்றையும் முதலில் ஒளித்துவையுங்கள். வந்திருப்பவர் காமன் சென்ஸ்காரர். இந்த இனம் எந்த மண்ணிலும் விளையும். உரம்கூட வேண்டாம், பக்கத்தில் யாராவது குழம்பி நின்றால் போதும். காமன் சென்ஸ் எல்லோருக்கும் பொது என்றா நினைத்தீர்கள்? மொத்தத்தையும் இவர் பேரில் எப்போதோ எழுதிக்கொடுத்தாயிற்று.

என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை, இதில் அசல் வித்து. பார்சல் கிடங்கில் மேற்பார்வையாளர். போன மாதம் எங்கள் மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. படியேற முடியாதவரைச் சகலை வீட்டுக் கீழறையில் தங்கவைப்பதாக ஏற்பாடு. டிஸ்சார்ஜுக்கு ஒரு நாள்தான் பாக்கி. அந்த அறைச் சுவரிலோ ஒரு ஆள் உயரத்துக்கு ஈரம்! பதறிப்போய் நான் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

பிளம்பர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், மாடிக்குப் போனார், இறங்கி வந்தார்.

"ஈரம் இங்க தெரியுது சார். ஒழுகுறது வேற எங்கயோ. ஒவ்வொரு வால்வா மூடிப் பார்க்கணும். ரெண்டு மணி நேரம் குடுங்க."

சகலை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தலை வலிச்சா தைலத்தைத் தலையில தடவுவோமா, முழங்கால்ல தடவுவோமா? ஈரம் எங்க இருக்கோ, ஓட்டையும் அங்கதான். காமன் சென்ஸ்!"

என்ன அழகான நியாயம்! நானே தலையாட்டிவிட்டேன். அங்கேதான் இருக்கிறது ஆபத்து.

பிளம்பர் தடுக்கத் தடுக்க, அவர் உளியையே வாங்கிச் சகலை சுவரில் அடிக்க ஆரம்பித்தார். ஒரு சாண் பள்ளம் விழுந்தது, குழாயைக் காணோம். இன்னும் கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். கட்டில், மெத்தை, எங்கள் புருவம் எல்லாம் வெள்ளையான பிறகு, டங்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி சகலையின் முகத்தில் பீய்ச்சியடித்தது தண்ணீர்.

"பாத்தீங்களா! ஒழுகுது! நான் சொன்னேன்ல!"

துடைப்பத்தோடு ஓடிவந்த அவர் மனைவி சொன்னார்: "அது ஒழுகலைங்க. நீங்க ஒழுக வெச்சுட்டீங்க." பிறகு பிளம்பர் பக்கம் திரும்பி, "அண்ணே, கேட்ட ரெண்டு மணி நேரத்தை எடுத்துக்கங்க. இவரை நான் பார்த்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார் பிளம்பர். மாடியில், எதிர்க்கோடிக் குளியலறையில் ஒரு குழாய் இணைப்பு விட்டிருந்தது. அங்கே கசிந்த தண்ணீர் தரைக்கடியிலேயே நடந்து வந்து இங்கே இறங்கியிருக்கிறது.

சரி, மாமியாரை எங்கே படுக்கவைப்பது? லாட்ஜா, ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு நாளா என்று நாங்கள் மோதிக்கொண்டிருந்தோம். தலையைத் துவட்டியபடி சகலை சொன்னார்: "சோபாவைத் தள்ளிட்டு ஹால்லயே கட்டிலைப் போடுங்க. பாத்ரூமும் பக்கத்துல." எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அவர் புத்தி நன்றாகத்தான் ஓடுகிறது. சுவருக்குள் நுழைந்தால்தான் தடுமாற்றம்.

மறுநாள் வந்திறங்கிய மாமியார், கதவு வழியே பள்ளத்தைப் பார்த்துத் திகைத்தார். சகலை முந்திக்கொண்டார்: "ஒண்ணுமில்ல அத்தை. மாடியில ஒழுகினா கீழதானே வந்து நிக்கும்? தண்ணி பள்ளத்துக்குத்தானே ஓடும்? காமன் சென்ஸ்!"

பள்ளத்தை அடைக்க வந்திருந்த பிளம்பர் சகலையை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்படின்னா சுவரை எதுக்கு மாப்பிள்ளை ஒடைச்சீங்க?" என்றார் மாமியார்.

அவசரமாகச் சகலைக்கு ஒரு போன் வந்தது. மணிதான் அடிக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'ஒழுகுறது வேற எங்கயோ' என்று பிளம்பர் சொன்னதுமே உங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, இல்லையா? 'இதுகூடவா அந்த மனுஷனுக்குத் தெரியல?' என்று ஒரு நினைப்பும் ஓடியிருக்குமே? எதற்கும் உங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்கள் பதில் சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வாருங்கள், நீங்களும் எனக்குச் சகலைதான்.