இலைசானே அத்தைக்கு வராத கப்பல் டிக்கெட்

நுக்குஅலோஃபா,
செவ்வாய்க்கிழமை.

வவாவு தீவில் வீற்றிருக்கும், என் அப்பாவுக்கு மூத்தவரும் எங்கள் எல்லோருக்கும் மேலானவருமான இலைசானே அத்தை அவர்களுக்கு, தம்பி மகன் சியோசாயா நடுக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி தணிந்து, பன்றிகள் கொழுத்து, கோபம் மட்டும் இளைத்திருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். போனில் தங்கள் குரலைக் கேட்கும் தைரியம் இல்லாததால், விமானத்தில் வருகிறவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். தங்கள் தீவிலேயே நான் பார்த்து வைத்த மணப்பெண் மெலெனைதேக்குப் பாய் முடையத் தெரியாது என்று தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாளிலிருந்தே எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. இப்போது, "டிக்கெட் வரலைன்னா நான் வரமாட்டேன்டா. அத்தைக்குன்னு விரிக்கிற அந்த மேல்பாயில யாரை உக்கார வெச்சுக் கல்யாணம் பண்றேன்னு நானும் பாக்கறேன்" என்று வேறு சொல்லிவிட்டீர்கள். அப்பாவின் அக்கா உட்காராத கல்யாணம் இந்த நாட்டில் கல்யாணமா? அதிலும் கப்பல் கம்பெனியின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதால், குடும்பமே என் கழுத்தைத்தான் பார்க்கிறது. அந்த சர்வர்களுக்குள் கன்டெய்னர் என்று சிறு சிறு அறைகள் உண்டு அத்தை, ஓர் அறை டிக்கெட் போடும், இன்னோர் அறை கணக்கு வைக்கும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சுதான் இழுத்தது, அதனால்தான் தாங்கள் எத்தனை முறை பட்டனை அழுத்தியும் டிக்கெட் வரவில்லை. சர்வருக்கு வேலைப்பளுவா என்று பார்த்தேன், சும்மாதான் இருந்தது. சர்வரும் சர்வரும் நேராகப் பேசினால் பறக்கிறது, அறையிலிருந்து பேசினால் தவழ்கிறது. அறைக்கு அறை ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் மட்டும் உடனே பதில் வருகிறது! ஞாயிறன்று கணினியைத் தொடக்கூடாதே, ஆலயத்தில் பாட்டுக்கு வாயசைத்தபடி உட்கார்ந்திருந்தேன். போதகர் நரகத்தைப் பற்றிச் சொன்னபோது, அங்கே தாங்கள் டிக்கெட் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றி வியர்த்துவிட்டது.

திங்களன்று சிட்னி ஆலோசகர் டேரனைப் பிடித்தேன்.

"நீ வீணா பயப்படறேப்பா. நான் இங்கேருந்து புக் பண்ணிப் பாத்தேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள டிக்கெட் வந்துடுச்சு" என்றார்.

"யார் யாருக்குப் போட்டீங்க?"

"யார் யாருக்கா? எனக்குத்தான். நான் ஒருத்தன்."

அங்கேதான் பொறி தட்டியது. நம் ஊரில் எவன் தனியாகக் கப்பல் ஏறுவான்? பல் பிடுங்கப் போகிறவனே பத்துப் பேரோடுதான் போவான்! தங்கள் பயணத்துக்கோ முப்பத்திரண்டு பேர். ஓர் அறையின் செய்தி அடுத்த சர்வருக்குப் போகும்போது உறைக்கு மேல் இன்னோர் உறை போட்டுப் போகிறது. ஒரு பேர் உள்ள செய்தி அந்தப் பருமனிலும் நுழைந்துவிடும், முப்பத்திரண்டு பேர் உள்ளது வாசலிலேயே சத்தமில்லாமல் விழுந்துவிடும். நான் தட்டிப் பார்த்ததும் சின்னத் தட்டுதானே! பெரிதாகத் தட்டினேன், மூச்சே இல்லை. உடனே அறைகள் அனுப்பும் கட்டுகளின் அளவைக் குறைத்தேன், பெரிய செய்தியெல்லாம் துண்டு துண்டாகப் போய் ஒழுங்காகச் சேர்ந்தது. ஆகவே அத்தை, இதுவரை தாங்கள் பட்டனை அழுத்தியதெல்லாம் வீண். இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்துங்கள், டிக்கெட் கைக்கு வரும். ஒரு கவலையும் வேண்டாம்.

தங்கள் பாதத்துக்குக் கீழே உட்கார்ந்து, தங்கள் ஆசியையும் அதைவிட முக்கியமாக மன்னிப்பையும் எதிர்பார்க்கும்,
சியோசாயா.

பி.கு.: அத்தை, பட்டனைத் தொடாதீர்கள்! மேலே எழுதியது அத்தனையும் தப்பு. தாங்கள் கேட்டது ஒவ்வொரு முறையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, திரும்பி வந்த பதில்தான் விழுந்திருக்கிறது. தாங்கள் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் முப்பத்திரண்டு இடம்! வியாழக்கிழமைக் கப்பல் முழுக்கத் தங்கள் பெயரில்தான் இருக்கிறது. அதற்கு டிக்கெட் வாங்கப் போன மெலெனைதே வீட்டாரை அங்கே துறைமுகத்தில் "இடமில்லைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் மேலாளர் லெசீலியிடம் மிச்சத்தை ரத்து செய்யச் சொன்னேன். "உங்க அத்தை பேர்ல இருக்கறதையா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு, சாயா" என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் கை வரவில்லை. இனி அந்தக் கப்பலில் மெலெனைதேக்கு இடம் கொடுக்கத் தங்களால் மட்டும்தான் முடியும். பாய் முடைய வழியிலேயே கற்றுக்கொள்வாள் அத்தை, தங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.