மூன்றாம் மாடியில் ஒரு மகான்

கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் சர்வர்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செத்துப்போன யு.பி.எஸ். பேட்டரியை மாற்றப் பன்னிரண்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் மெயினை அணைக்கப் போகிறார். அதற்குள் நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை முறைப்படி மூட வேண்டும். யாராவது உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பதினொரு வருடப் பதிவும் நாசம். அப்புறம் எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று நோயாளியையே கேட்க வேண்டியதுதான்.

பதினொரு மணிக்கு உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். எல்லோரும் வெளியே வரச் சொல்லி மைக்கில் அறிவித்தார். என்னவோ ஏதோவென்று ஆளாளுக்கு உள்ளே புகுந்து பார்த்ததில் அது நாற்பத்து மூன்று ஆனது. யாரும் நுழையாதீர்கள் என்று செய்தி அனுப்பினார். செய்தியைப் படிக்கவே உள்ளே நுழைய வேண்டியிருந்தது. அறுபது!

கீழ் மாடிகளில் மேசை மேசையாகக் கும்பிடு போட்டு, ஒருவழியாக ஒன்றுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒன்று மூன்றாம் மாடிப் பதிவறை. போன் அடித்தால் எடுப்பாரில்லை.

"அந்த ஒரு கனெக்ஷனை வெட்டி விட்டுடுங்களேன்," என்றார் பெரிய டாக்டரம்மா.

"பாதி எழுத்துல கையைப் பிடிச்சு இழுக்கிறதா? அவரே முடிக்கட்டும்மா. சும்மா விட்டா அஞ்சு நிமிஷத்துல தானா மூடிக்கும். இது மூடல. ஆள் நிஜமாவே வேலை செய்றார்."

பன்னிரண்டு தாண்டியது. நல்லவேளை, கரண்ட் போகவில்லை. திரையில் அந்த ஒற்றை ஆள் அணையப் போவதும் உயிர்ப்பதுமாக இருந்தார். டாக்டரம்மாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"போனைக்கூட எடுக்காம, சாப்பிடப் போகாம... இருபது வருஷமா இந்த ஆஸ்பத்திரிய நடத்துறேன், இப்படி ஒருத்தர நான் பார்த்ததே இல்ல."

சர்வர்காரருக்கோ, இப்படிப்பட்டவரைத் தெரியாமலே இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இருவரும் மேலே ஏறினார்கள். வாசலில் டாக்டரம்மா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே, மடியில் கருவிப் பையுடன் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருந்தார். ஒரு விரல் கீபோர்டின் மேல் இருந்தது.

"இங்க இருந்தவர் சாப்பிடப் போறப்போ, இந்தத் திரை அணைஞ்சதும் மெயினை அணைக்கச் சொன்னார் சார். நீங்க மாடி மாடியா ஓடுறதப் பார்த்தா பாவமா இருந்துச்சு, அதான் உங்க வேலை முடியுற வரைக்கும் இது அணையாம தட்டிக்கிட்டே இருக்கேன்."