துரை பங்களாவில் ஜப்பான் சாப்பாட்டு ரூம்

மலாயாவுல கோலா பிலா பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளக்காரத் துரை ஓடிட்டாரு. சாப்பாட்டு மேசைய மட்டும் தூக்கிட்டு ஓட முடியல. அந்த பங்களாவுல தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி கணேசமூர்த்தி குடியேறி, துரை நாற்காலியில கால் மேல கால் போட்டு மரவள்ளிக் கெழங்கு சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு.

ஒருநாள் ஜப்பான் ஆபீசரு பகல் சாப்பாட்டுக்கு எழுந்தருளப் போறதா சேதி வந்துச்சு. முன்ன பக்கத்துத் தோட்டத்துக் கிராணி இதே ஆபீசர, ஓடிப்போன துரையோட நாற்காலியில உக்கார வச்சாரு. "உனக்கு இன்னும் வெள்ளக்காரன் புத்தி போகல"ன்னு அவரச் சயாம் ரயில் ரோடு போட லாரியில ஏத்திட்டாங்க. போனவரு போனவருதான்.

"மயிலு, சாப்பாட்டு ரூம ஜப்பான் பாணியில மாத்தணும். காசு செலவாகக் கூடாது"ன்னாரு கணேசமூர்த்தி.

"மாத்திட்டு? கெழங்குதானே வைக்கப் போறோம்?" பொண்டாட்டி மயிலம்மாள் கேட்டா.

"கெழங்க யாருடி பாக்கப் போறா? ரூமத்தான் பாப்பாங்க."

மேசைக் கால முழங்கால் ஒசரத்துக்கு அறுத்தாச்சு. மரத்துல ரப்பர் பால் எடுக்கிற மங்கு தேத்தண்ணிக் கோப்பையாச்சு. கீழ விரிக்கற பாய்க்கு என்ன பண்றது? வாங்க ஆளில்லாம ஸ்டோருல ரப்பர் ஷீட்டு மலை மாதிரி கெடந்துச்சு. அதையே விரிக்கச் சொன்னாரு கிராணி.

ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் நல்லசாமி தலையச் சொறிஞ்சாரு. "ஐயா, இது புகை போடாத பச்ச ஷீட்டு. வெயில் ஏறுனா ஒட்டிக்கும்லா."

"ஒட்டுனா நல்லதுதான்யா. பாய் நகராது."

ஆபீசரு வந்தாரு. பூட்ஸக் கழட்டிட்டுச் சம்மணம் போட்டாரு. "பாகுஸ்"ன்னாரு. நல்லாருக்குன்னு அர்த்தம். கிராணிக்கு உசுரு வந்துச்சு.

உச்சி வெயில் ஏறுச்சு. சாப்பிட்டு முடிச்ச ஆபீசரு எழுந்திருக்கப் பாத்தாரு. எழல. இன்னொரு தரம் பாத்தாரு. அப்புறம் எழுந்திருக்கவே நெனைக்காதவரு மாதிரி இன்னொரு தட்டு கெழங்கு கேட்டாரு.

மேலதிகாரி எழாத எடத்துல கீழதிகாரி எழலாகாது. அதனால எதிர்ல சம்மணம் போட்டிருந்த கிராணியும் கம்பீரமா ஒட்டிக்கிட்டிருந்தாரு. சன்னலுக்கு வெளிய தோட்டமே வாயில துணிய அடச்சிக்கிட்டுச் சிரிச்சுது. முன்னால நின்னு சிரிச்சவரு மண்டோர்.

சாயங்காலம் ஆபீசரு பல்லக் கடிச்சு ஒரே எழும்பா எழும்பிட்டாரு. கால்சட்டையோட பின்பக்கம் எழும்பல.

ஒருத்தரும் பாத்ததாக் காட்டிக்கல. ஆபீசருக்கும் கோவம் வரல. கோவப்பட்டா ஒட்டுனத ஒத்துக்கணுமே. பேரரசோட கால்சட்டை எங்கயும் ஒட்டாது.

அரகொற மலாயில சொன்னாரு: "ரொம்ப ஒசந்த வேலை. சயாம் ரயில் ரோட்டுல எங்க பெரிய ஆபீசருங்களுக்கு இப்படி ஒரு ரூம் இல்ல. நீயே போய் போட்டுக் குடு."

கிராணிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. "ஷீட்டு தூக்க ஆளு வேணுமே"ன்னு இழுத்தாரு.

ஆபீசரு சன்னலக் காட்டுனாரு. "அங்க சந்தோஷமா இருக்கறவங்க எல்லாரும்."

மறுநா காலையில லாரி கெளம்புச்சு. கீழ ஷீட்டு, மேல ஆளுங்க. நீலாய் தாண்டுறதுக்குள்ள நல்லா வெயில் ஏறிருச்சு.

"ஐயா, நாற்காலியிலயே உக்கார வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" மண்டோர் கேட்டாரு.

கிராணி ரொம்ப நேரம் ரோசன பண்ணாரு. "சயாமுக்கு அனுப்பியிருப்பான்."

மேட்டுல லாரி மெதுவாச்சு. ரெண்டு பக்கமும் காடு.

"ஐயா, குதிச்சிரலாமா?"

"எங்கய்யா குதிக்கறது. ஷீட்டு மேலதான உக்காந்திருக்கோம்."