தீயணைப்பு நிலையம் எரிந்த தேதி

"மார்ஜ், நிலவுல ஆள் இறங்கினதை வாசி. செவ்வாய்ல கலம் இறங்கினதை வாசி. அந்தத் தீயை மட்டும் விட்டுடு!"

விளம்பரம் முடிவதற்குள் ஒலிபரப்பு அறைக்குள் புகுந்துவிட்ட லீலண்ட் கிராஸ்வெய்டுக்கு மூச்சு வாங்கியது. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில், வானொலியின் 'இதே நாளில்' நிகழ்ச்சியைக் கேட்காமல் யாரும் காலைக் காபியை முடிப்பதில்லை. இன்று ஜூலை இருபது. மாலையில் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தலைவர் தேர்தல். லீலண்டுக்கு எதிராக நிற்பவர் வெர்னன் ஹோல்ம்பெர்க். லீலண்டின் தாத்தா படைத்தலைவராக இருந்தபோது, அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டுத் தூங்கிப்போய், தீயணைப்பு நிலையத்தையே எரித்ததாகப் பெயர் வாங்கியதும் ஒரு ஜூலை இருபதில்தான். ஊர் மறந்திருக்கலாம்; வீடு மறக்கவில்லை.

மார்ஜ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "கையில குடுக்குறதைத்தான் நான் வாசிப்பேன். எந்தத் தீ?"

"நம்ம நிலையம் எரிஞ்சுதே... மின்னல் விழுந்து!" பொய் தானாக வாயில் வந்துவிட்டது.

"அட, இது நல்லா இருக்கே!"

ஒலிபரப்பு தொடங்கிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. மார்ஜ் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

உடனே தொலைபேசி அலறியது. "ஆக்னஸ் பேசுறேன். அன்னைக்குத்தான் எங்கம்மாவுக்குக் கல்யாணம். மண்டையைப் பிளக்குற வெயில்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. மின்னலாம், மின்னல்! எவன் சொன்னான்?"

மார்ஜ் ஒலிவாங்கியை லீலண்ட் பக்கம் திருப்பினாள்.

"நான்தான் ஆக்னஸம்மா... மின்னல்னா மின்னலே இல்ல. யாரோ வெளியூர்க்காரன் சுருட்டை அணைக்காம போட்டுட்டுப் போயிட்டான்."

அடுத்த அழைப்பில் ஒரு விவசாயியின் குரல் இடிபோல் வந்தது. "டேய் லீலண்ட்! அந்தக் கல்யாணத்துக்கு வெளியூர்லேருந்து வந்தவர் எங்க தாத்தா ஒருத்தர்தான். வாயில சுருட்டு இல்லாம அவரை யாரும் பார்த்ததில்ல. அவரையா சொல்றே? டிராக்டரை எடுத்துட்டு வர்றேன், அங்கேயே இரு!"

லீலண்ட் ஒலிவாங்கியை அருகே இழுத்தார். பதவி போனால் போகட்டும். தன் வீட்டுச் சாம்பலை இன்னொருவர் வாசலில் கொட்டுகிற வழக்கம் கிராஸ்வெய்ட் குடும்பத்தில் கிடையாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாரும் கேளுங்க. மின்னலும் இல்ல, சுருட்டும் இல்ல. அடுப்பை மறந்து தூங்கினது எங்க தாத்தா. இனிமே நீங்க யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடுங்க."

விளக்கு அணைந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கோனி தலையை நீட்டினாள்.

"என்ன சார், கெடுத்துட்டீங்களே! பேச்சு கிளம்பினா உண்மையும் வந்துடும்னு பயந்து, விடியும்போதே வெர்னன் வந்து அந்தச் செய்தியைத் தாள்லேருந்து நீக்கச் சொல்லிக் கெஞ்சி, நீக்க வச்சுட்டுப் போனாரு. உங்க தாத்தா தலைவர்ங்கிற முறையில பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாராம்; தூங்கினது வெர்னனோட தாத்தாவாம்!"